பக்கவாதம் வந்தவரை வீட்டில் பராமரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் அறிக்கையும் மருந்துச் சீட்டும் கையில் தருகிறார்கள். அன்று இரவு அவரை எப்படிப் புரட்டுவது, கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுப்பது, படுக்கை நனைந்தால் அவரை எழுப்பாமல் விரிப்பை எப்படி மாற்றுவது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. வார்டில் மூன்று ஷிப்டுகளில் பலர் பகிர்ந்து செய்த வேலை முழுவதும், வீட்டுக்கு வந்த மாலையே மனைவி, மகள், மருமகள், மகன் என்று யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. பாசம் இருந்தால் தானாக வந்துவிடும் என்று பலர் எண்ணும் இந்த வேலைகள், உண்மையில் ஒருவர் காட்டித் தந்து மற்றவர் கைப்பழக்கமாகக் கற்க வேண்டியவை. அவற்றை ஒருவரே நெடுநாள் தனியாகச் செய்யவும் இயலாது. என் தந்தையாரைப் பராமரித்த காலத்தில் கற்றவற்றையும், வீட்டுக்கு வந்து போன பிசியோதெரபிஸ்ட்டும் செவிலியரும் காட்டித் தந்தவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன்பே கற்க வேண்டியவை

வீட்டுக்கு அனுப்பும் நாள் தெரிந்தவுடன், குடும்பத்திலிருந்து இருவர் வார்டில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் வீடே திகைத்து நின்றுவிடும் என்பதால் இருவர் என்பது கட்டாயம். செவிலியர் செய்வதை நின்று பார்ப்பது போதாது. புரட்டுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, ஊட்டுவது, சிறுநீர்க் குழாயோடு இணைத்த மூத்திரப் பையைக் காலி செய்வது ஆகிய நான்கையும் அவர் கண்முன்னே உங்கள் கையால் ஒரு முறையாவது செய்து காட்டுங்கள். அவர் அனுமதித்தால் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, தண்ணீரை அப்படியே குடிக்கலாமா, மூக்குக் குழாயையும் சிறுநீர்க் குழாயையும் எந்தத் தேதியில் மாற்ற வேண்டும், எந்த மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது, இரத்த அழுத்தம் எவ்வளவுக்கு மேல் போனால் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. மெதுவாகக் கரையும்படி தயாரிக்கப்பட்ட சில மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும் என்பதால், கடைசிக்கு முந்தைய கேள்வியைத் தவற விடாதீர்கள்.

அறை

கழிவறைக்கு அருகில், காற்றும் வெளிச்சமும் வரும் அறையைத் தேர்ந்தெடுங்கள். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இரு பக்கமும் ஆள் நிற்க இடம் விட வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தும் வசதியுள்ள மருத்துவமனைக் கட்டில், சக்கர நாற்காலி, காற்று நிரப்பிய மெத்தையான ஏர் பெட் ஆகியவை பெரும்பாலான ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிடாதீர்கள், ஏனெனில் மூன்று மாதத்தில் அவருடைய தேவை முற்றிலும் மாறியிருக்கக்கூடும். ஏர் பெட்டின் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. மின்தடை வந்தால் காற்று மெல்ல இறங்கி உடல் கட்டில் பலகையில் அழுந்தும் என்பதால் அதை இன்வெர்ட்டர் இணைப்பில் சொருகுங்கள். அழைப்பு மணியை அவருடைய நல்ல கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

புரட்டுவதும் தோலைப் பார்ப்பதும்

படுக்கைப் புண் சில மணி நேரத்தில் தொடங்கிவிடும், ஆற மாதக்கணக்கில் ஆகும். எலும்பு துருத்திய இடத்தில் தோல் தொடர்ந்து அழுந்தும்போது அங்கே இரத்தம் ஓடாமல் சதை செத்துப்போவதுதான் காரணம். எனவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுவது பொதுவான கணக்கு. ஏர் பெட் இருந்தாலும் புரட்ட வேண்டும். இரவில் இடைவெளியை நீட்டலாமா என்பதை மட்டும் செவிலியரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

புரட்டுவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள்: "அப்பா, என் பக்கமாகத் திருப்பப் போகிறேன்." பேச்சு போனவர்களில் பலருக்குக் காது கேட்கும், சொல்வதும் புரியும். பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, உங்களுக்கு எதிர்ப்புறமுள்ள கையை அவர் மார்பின் மேல் வைத்து, அதே புறத்துக் காலை முழங்காலில் மடக்கி, ஒரு கையால் தோளையும் மறு கையால் இடுப்பையும் பிடித்து உங்களை நோக்கி உருட்டுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தப் பக்கத் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு எளிதில் நழுவி, பின்னர் பல மாதங்களுக்கு வலிக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்துச் சற்றே சாய்ந்தாற்போல் நிறுத்துங்கள். முழங்கால்களுக்கு இடையில் ஒன்றும், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலின் கீழ் ஒன்றும் தேவை. அவரை மேலே நகர்த்த வேண்டுமானால் இழுக்காதீர்கள். தோளிலிருந்து தொடை வரை ஒரு பழைய பருத்தி விரிப்பை மடித்துக் குறுக்கே போட்டு வைத்திருந்து, இருவர் இரு பக்கமும் அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உராயாது, உங்கள் முதுகும் பிழைக்கும்.

காலையும் மாலையும் வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, முழங்கை, பின்னந்தலை, காது மடல் ஆகியவை பார்க்க வேண்டிய இடங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுத்துத் திரும்ப வர வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் முதல் நிலை. நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தப் பக்கமே படுக்க வைக்காதீர்கள். அந்த இடத்தைத் தேய்ப்பதும், ஸ்பிரிட் தடவுவதும், பவுடரை அப்புவதும், நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையை வைப்பதும் பலர் செய்யச் சொல்லும் வேலைகள், நான்குமே கெடுதல். தோல் உரிந்துவிட்டால் அன்றே செவிலியரிடம் காட்டுங்கள்.

விரிப்பு மாற்றுவதும் இந்தப் புரட்டலோடு சேர்ந்ததுதான். அவரை ஒரு பக்கமாக உருட்டியதும், காலியான பாதியிலுள்ள அழுக்கு விரிப்பை நீளவாக்கில் சுருட்டி அவர் முதுகை ஒட்டித் தள்ளுங்கள். புது விரிப்பையும் பாதி சுருட்டி, அந்தச் சுருளை அழுக்குச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்து, வெளிப்புறப் பாதியை மெத்தையின் அடியில் செருகுங்கள். இப்போது இரண்டு சுருள்களின் மேலாக அவரை மறுபக்கம் உருட்டி, அழுக்கை உருவி, புதியதை இழுத்துச் சுருக்கமில்லாமல் செருகினால் வேலை முடிந்தது. ஒரு சுருக்கமும் ஒரு இட்லித் துணுக்கும்கூட அந்தத் தோலில் தடம் பதிக்கும் என்பதால் கடைசியில் உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பாருங்கள்.

ஊட்டுவது

பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டையும் வலுவிழந்திருக்கலாம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளிக்காய்ச்சலை உண்டாக்குவது, வீட்டுக்கு வந்த பிறகு திரும்பவும் மருத்துவமனையில் சேர்க்க நேர்வதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. நீர்த்த பொருட்கள்தாம் அதிகம் புரை ஏறும் என்பது பலரும் எதிர்பாராத செய்தி. தண்ணீர், காபி, ரசம் மூன்றும் தயிர் சாதத்தைவிட ஆபத்தானவை. சாம்பார் தனியாகவும் சாதம் தனியாகவும் பிரிந்து நிற்கும் கலவையும், பொரி, முறுக்கு போல உதிரும் பண்டங்களும் கூடாது. குழைய வேகவைத்து மசித்த சாதம், மசித்த இட்லி, கெட்டியான கஞ்சி ஆகியவை ஏற்றவை. தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்கிக் கொடுப்பது என்பதை விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளர் சொல்வார்.

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஊட்டுங்கள். படுத்த நிலையில் ஒரு வாய்த் தண்ணீரும் வேண்டாம். நீங்களும் எதிரே உட்கார்ந்து, சிறிய கரண்டியால், வாயின் நல்ல பக்கத்தில் கொடுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை மேலே தூக்குவார், அப்போது மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. இருமினாலோ, தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்துங்கள். சாப்பிட்டு முடிந்ததும், செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்தபடியே வைத்திருங்கள்.

மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பதானால், ஒவ்வொரு முறையும் மூக்கருகே குழாயில் உள்ள குறி இடம் மாறவில்லை என்பதை உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். குறி வெளியே நகர்ந்திருந்தால் எதுவும் ஊற்றக்கூடாது, நீங்களே உள்ளே தள்ளவும் கூடாது. தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, மெல்லிய துணியில் வடிகட்டிய வெதுவெதுப்பான கஞ்சியைச் சிரிஞ்சின் குழலில் ஊற்றித் தானாக இறங்க விடுங்கள், உந்தித் தள்ளாதீர்கள். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி. என்பது வழக்கமான அளவு. முடிந்ததும் சிறிது தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் கேழ்வரகுக் கஞ்சி உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் விடுமுறை நாளின் பின்மாலையில்தான் குழாய் அடைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது, வடிகட்டும் துணியை இரட்டையாக மடித்த பிறகு அது நின்றது.

சிறுநீர், மலம், குளியல்

சிறுநீர்ப் பை எப்போதும் அவருடைய இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பையை மடியில் வைப்பது பலரும் செய்வது. அப்போது சிறுநீர் திரும்ப மேலே ஏறித் தொற்றை உண்டாக்கும். பை முக்கால் பங்கு நிரம்பும் முன் காலி செய்து, அளவையும் நிறத்தையும் எழுதி வையுங்கள். டயாப்பர் கட்டுவதானால் நனைந்ததும் மாற்றுங்கள், விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டால் அதைவிட அதிகமாகப் புண்ணுக்குச் செலவாகும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடம்பு துடைக்கும்போது கதவைச் சாத்தி, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்ற இடத்தை வேட்டியாலோ போர்வையாலோ மூடியே வையுங்கள். முகம், கை, மார்பு, கால், முதுகு என்று போய், மறைவிடத்தைக் கடைசியில் வேறு தண்ணீரும் வேறு துணியும் கொண்டு துடைக்க வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைப்பது தொற்றைத் தடுக்கும். மகள் தந்தைக்கும் மகன் தாய்க்கும் இதைச் செய்ய நேர்கையில் இருவருக்குமே கூச்சம் இருக்கும். அதைப் பேச்சில் எடுக்காமல், கையை நிதானமாகவும் பார்வையை வேலையிலும் வைத்தால் சில நாட்களில் இருவரும் பழகிவிடுவீர்கள்.

நோட்டுப் புத்தகமும் அபாய அறிகுறிகளும்

ஒரே ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மருந்து கொடுத்த நேரம், இரத்த அழுத்தம், சர்க்கரை, உணவு, சிறுநீர், மலம், புரட்டிய பக்கம் ஆகியவற்றை யார் செய்தாலும் அதிலேயே எழுத வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு அளவு 70-க்குக் கீழே இறங்கினால், நினைவோடும் விழுங்கும் திறனோடும் இருந்தால் மட்டுமே சர்க்கரையை வாயில் கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் இடாமல் 108-ஐ அழையுங்கள்.

முகம் புதிதாகக் கோணுவது, நல்லாயிருந்த கை சோர்ந்து விழுவது, பேச்சு திடீரெனக் குழறுவது ஆகியவை மீண்டும் பக்கவாதம் வருவதன் அறிகுறிகள். மூளைக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், அவர் கடைசியாக இயல்பாக இருந்த நேரத்தை எழுதிக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சலுடன் மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, அடிவயிறு உப்பியும் பையில் சிறுநீர் இறங்காதது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

கிடைக்கும் உதவிகள்

தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டிலேயே தருவதோடு, பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் செவிலியர் சேவையும் வீடு தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகச் சக்கர நாற்காலியும், பாதிப்பு கடுமையாக இருந்தால் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். வங்கிக்கு வர இயலாத 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கவும் வழி உண்டு. ஓய்வூதியருக்கான டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழை அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்தே பதிவு செய்து தருவார். படுத்த படுக்கையில் இருப்பவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு வங்கிக்குக் கொண்டுபோகும் காட்சியை இன்னும் பார்க்க நேர்வது மனத்தை வருத்துகிறது. வீட்டுக்கு வந்து சேவை தருமாறு வங்கியிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

பராமரிப்பவரின் முறைநேரம்

இந்தப் பகுதியைத்தான் முதல் வாரத்திலேயே ஒழுங்கு செய்ய வேண்டும், ஆனால் பெரும்பாலான வீடுகளில் பராமரிப்பவர் படுத்த படுக்கையான பிறகே இதைப் பற்றிப் பேசுகிறார்கள். குடும்பம் கூடும் நாளில், அனைவரும் இருக்கும்போது வேலைகளை எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் அண்ணன் "பணம் அனுப்புகிறேன்" என்று சொன்னால், அந்தப் பணம் எந்தச் செலவுக்கு, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தோடு, ஆண்டில் சில நாட்கள் அவரே வந்து இரவு முறை பார்ப்பதையும் கேட்டுப் பெறுங்கள். மருமகளுக்கு இது இயல்பான கடமை என்று மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவது நம் வீடுகளில் நெடுங்காலமாக நடந்து வரும் அநியாயம். அதைக் கூட்டத்திலேயே ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் அவருடைய கணவர் சொல்வதே பொருத்தம்.

இரவில் யார் எழுவது என்பதே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஒரே ஆள் தொடர்ந்து எழுந்தால் சில வாரங்களில் எரிச்சல், மறதி, மருந்தை மாற்றிக் கொடுப்பது என்று அது வெளிப்படும். ஆகவே இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது வாரத்தில் சில இரவுகளுக்கு மட்டுமாவது அட்டெண்டரை வையுங்கள். ஏஜென்சி வழியாக ஆள் வைக்கும்போது வேலை நேரம், செய்ய வேண்டிய வேலைகள், விடுப்பு, மாற்று ஆள், அடையாளச் சான்று ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். குழாயைக் கையாள்வது போன்ற வேலையை அவருக்குப் பயிற்சி உண்டா என்று பார்க்காமல் ஒப்படைக்காதீர்கள். அட்டெண்டரும் தூங்க வேண்டிய ஒரு மனிதர் என்பதை நினைவில் வைத்து அவருக்குச் சாப்பாடும் ஓய்வு நேரமும் ஒதுக்குங்கள்.

நோயாளி உங்கள் மேல் கோபப்படுவார். சம்பந்தமில்லாமல் அழுவார், சில சமயம் அடக்க முடியாமல் சிரிப்பார். மூளையில் ஏற்பட்ட பாதிப்பே இவற்றுக்குப் பல நேரம் காரணம் என்பதையும், மனச்சோர்வு பக்கவாதத்துக்குப் பின் பலருக்கும் வருவது, அதற்கு மருந்து உண்டு என்பதையும் தெரிந்துகொண்டால், நீங்கள் செய்வதில் குறை இருப்பதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். அவரால் நல்ல கையால் சட்டைப் பொத்தானைப் போட முடிந்தால், ஐந்து நிமிடம் ஆனாலும் போட விடுங்கள். உங்களுக்கு அந்த நேரத்தில் நாற்காலியில் உட்காரவும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

பார்க்க வரும் உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், "இளைத்துவிட்டாரே" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், "ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருங்கள், நான் கோயிலுக்குப் போய் வருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். பலர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். உங்களுடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அதே நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். தூக்கம் வராமல் போவது, காரணமின்றி அழுகை, நோயாளியை அடித்துவிடுவோமோ என்ற அச்சம், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை தோன்றினால் மறைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567, மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த மூன்று எண்களையும் 108-ஓடு சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டிலுள்ள எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள்.